நான் பூசி மறைத்த முகம்

ஆம், நான்தான் செய்தேன்! செத்துப்போன ஒருத்திக்கு இந்த உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே முகத்தை என் தூரிகையால் பூசி மறைத்தவள் நான்தான். அந்தப் பழியை இன்னொருவர் தலையில் கட்டியவளும் நான்தான்.

என் கணவருக்கு இது தெரியாது. பிள்ளைகளுக்கும் தெரியாது. உங்களிடம்தான் முதன்முதலாக வாய் திறக்கிறேன். சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்ற ஆசையெல்லாம் எனக்கு இல்லை... நான் எப்பேர்ப்பட்டவள் என்று ஒருவருக்காவது தெரியட்டுமே!

இலங்கை மலைநாட்டில், உடப்புசல்லாவைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். என் கணவர் அங்கே பெரிய கிளாக்கர்; ஆட்களின் பெயர்ப்பதிவும் சம்பளக் கணக்கும் அவர் கையில். நான் அட்டனில் வளர்ந்தவள். கான்வென்டில் ஒரு கன்னியாஸ்திரியிடம் எண்ணெய் வண்ணம் தீட்டப் பழகியவள். மலை வரைவேன், மூடுபனி வரைவேன், மழைக்கு முந்திய வானத்தை அச்சு அசலாகக் கொண்டுவருவேன். மனித முகம் மட்டும் எனக்கு வராது. எத்தனை முயன்றாலும் கடைப் பொம்மையின் முகமாகவே முடியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் ஓர் அடைமழைக்காலம். மலைச்சரிவு உடைந்து, தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தின் பாதியை மண் மூடிவிட்டது. தாயை இழந்த பிள்ளைகள், வீட்டை இழந்த குடும்பங்கள்... அவர்களுக்கு உதவ நுவரெலியாவில் ஓவிய விற்பனை ஒன்றை நடத்த எங்கள் துரையின் மனைவி முன்வந்தாள். நானும் சவரிமுத்துவும் சேர்ந்து ஒரு பெரிய படம் தீட்ட வேண்டும் என்பது அவளுடைய விருப்பம்.

சவரிமுத்து அந்தத் தோட்டத்து லயத்திலேயே பிறந்தவர். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவார். கோயில் சுவர்களில் சாமி படம் எழுதுவார். அந்தக் காலத்தில் அவரை நான் 'அவன்' என்றுதான் சொல்வேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் கூசுகிறது.

எங்கள் வீட்டுப் பின் விறாந்தையில் கித்தானை நிறுத்தினோம். மலையும் தேயிலையும் வானமும் என் பங்கு. கொழுந்து பறிக்கும் பெண்கள் அவர் பங்கு. ஒருவர் பங்கில் மற்றவர் கை வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டது யார் தெரியுமா? நானேதான்! பலகை எழுதுகிறவன் என் மலையைக் கெடுத்துவிடுவானோ என்று எனக்கு அத்தனை பயம்.

"அம்மா, ஒங்க மலை ரொம்ப செங்குத்தா நிக்குதுங்க. எங்க பொம்பளைங்க கூடையோட எங்க கால் வைப்பாங்க? கொஞ்சம் பாதை விடுங்க" என்பார். நான் சிரித்துக்கொண்டே ஒரு பாதை விடுவேன். அதில் ஒரு பெண்ணை ஏற்றிவிடுவார். ஒரே துணியில் இரண்டு கைகள் வேலை செய்வதில் இப்படியொரு சந்தோஷம் இருக்கும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. பொய்யில்லை... அந்த மாதங்களில் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

பிறகு, எல்லோருக்கும் முன்னால் நிற்கும் பெண்ணுக்கு அவர் முகம் எழுதினார்.

"இது யாரு சவரிமுத்து?" என்று கேட்டேன்.

"செல்லம்மாங்க. மண்ணு சரிஞ்ச அன்னிக்குப் போயிட்டா. லயத்துல எங்க பக்கத்துக் காம்பராதான். சின்னதுலேருந்து பாத்த மொகம்... கைக்குத் தானா வந்திருச்சுங்க."

சில நாள் கழித்து அவளுடைய புருஷன் கருப்பையா விறகுக் கட்டோடு வந்தான். படத்தைப் பார்த்தவன் கட்டை அப்படியே கீழே போட்டான். "செல்லம்மா..." என்றான். "அய்யோ, புள்ள எங்கன்னு கேக்குற மாதிரியே பாக்குறாளே!" என்று சொல்லித் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அவளை யாரும் ஒரு போட்டோகூட எடுத்ததில்லை. பவளம் என்று ஒரு கைக்குழந்தை. தாய்ப்பால் மறக்கும் முன்பே தாயைப் பறிகொடுத்தது. கருப்பையா எழுந்து என்னிடம் கை கூப்பினான். "எம் புள்ளைக்கு அவ ஆத்தா மொகம் தெரியணுங்கம்மா. படம் வித்துப் போறதுக்குள்ள ஒரே ஒரு போட்டோ மட்டும் புடிச்சுத் தரச் சொல்லுங்க. வேற ஒண்ணும் கேக்கலீங்க."

விற்பனையன்று துரைமாரைப் படம் பிடிக்க ஸ்டூடியோக்காரர் வருவார், அவரிடம் சொல்லி எடுத்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். மனசாரத்தான் கொடுத்தேன்!

அப்படியானால் என்னதான் நடந்தது என்கிறீர்களா? கேளுங்கள்.

துரைசானி படத்தைப் பார்க்க வந்தாள். என் மலையைப் பார்த்து 'நைஸ்' என்றாள். அவ்வளவுதான்! செல்லம்மாவின் முகத்துக்கு முன்னால் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். சவரிமுத்துவின் பெயரைத் தப்பும் தவறுமாகச் சொல்லி, அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

எனக்கு வயிறு எரிந்தது. வேறு சொல் எதற்கு? பொறாமை... அப்பட்டமான பொறாமை! கான்வென்டில் படித்த நான் எங்கே, லயத்துக்காரன் எங்கே என்று உள்ளே ஒரு பிசாசு கத்தியது.

விற்பனைக்கு முந்தைய நாள், விற்பனைக்கு வந்த மற்றச் சிறிய படங்களை மாட்டுவதற்காக சவரிமுத்து நுவரெலியாவுக்குப் போய்விட்டார். வீட்டில் நான் தனியாக இருந்தேன். எத்தனை அழகாகக் காரணம் கண்டுபிடித்தேன் தெரியுமா? 'கறுத்துக் களைத்த இந்த முகத்தை எந்தத் துரை தன் வீட்டு ஹாலில் மாட்டுவான்? கொஞ்சம் அழகாக்கினால் நல்ல விலைக்குப் போகும். பிள்ளைகளுக்குத்தானே நல்லது!' தர்ம காரியத்தின் பெயரால் எதையும் செய்துவிடலாம் போலிருக்கிறது...

வண்ணம் குழைத்தேன். கன்னத்தை வெளுப்பாக்கினேன். மூக்கைச் சன்னமாக்கினேன். பல் ஒன்று எட்டிப் பார்க்க லேசாகத் திறந்திருந்த உதடுகளை மூடினேன். கண்களைப் பெரிதாக்கினேன். செல்லம்மா போய்விட்டாள். அந்த இடத்தில் என் கடைப் பொம்மை வந்து நின்றது. சீ! அப்போது அது எனக்கு அழகாகத் தெரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் நுவரெலியா மண்டபத்தில் படத்தின் மேலிருந்த துணியை நான்தான் விலக்கினேன். சவரிமுத்து பார்த்தார். கிட்டே வந்து, கன்னத்தின் ஓரத்தை விரல் நுனியால் தொட்டார். விரலில் வண்ணம் ஒட்டியது.

"அம்மா... இது இன்னும் ஈரமாத்தாங்க இருக்கு. அடியில நான் எழுதுனது நல்லாக் காஞ்சிருக்கு. டர்பன்டைன் தொட்டு மெதுவாத் தொடச்சா மேலாப்புல இருக்குறது போயிரும். அவ அப்புடியேதான் இருப்பா. ஒரு துணி குடுங்கம்மா..."

கேட்டீர்களா? துடைத்திருந்தால் அவள் திரும்பி வந்திருப்பாள். ஒரு துணியும் கொஞ்சம் டர்பன்டைனும் போதும்! நான் செய்ததை அந்த நிமிடத்திலேயே இல்லாமல் ஆக்கியிருக்கலாம்.

வாசலில் கார்கள் வந்து நிற்கத் தொடங்கின. துரைசானியின் கண்முன்னால் அவர் என் பூச்சைத் துடைப்பதா? "தொடாதே! ஆட்கள் வர்றாங்க, எல்லாத்தையும் அலங்கோலம் பண்ணிடாதே" என்று சீறினேன். நீட்டிய கையை அவர் இழுத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் பின்வாசல் வழியாகக் கருப்பையா வந்தான். வெளுத்த வேட்டி, இடுப்பில் பவளம், குழந்தையின் நெற்றியில் பொட்டு. படத்தை அண்ணாந்து பார்த்தான். பக்கத்தில் வேறு படம் இருக்கிறதா என்று தேடினான். திரும்பி என்னைப் பார்த்தான்.

"இது யாருங்கம்மா?"

நான் என்ன சொன்னேன்? இதோ, ஒரு சொல் மாறாமல்: "படம் விக்கணுமேன்னு சவரிமுத்துதான் கொஞ்சம் திருத்திட்டான், கருப்பையா."

சவரிமுத்து பக்கத்திலேயே நின்றார். மறுத்துப் பேசவில்லை. எப்படிப் பேசுவார்? அவருடைய தாயும் தங்கையும் பெயர் பதிந்து வேலை செய்யும் தோட்டத்தில் என் கணவர் பெரிய கிளாக்கர். அது எனக்குத் தெரிந்துதானே அந்தப் பொய்யைச் சொன்னேன்!

"ஏண்டா, செத்தவ மொகத்தையுமா விப்ப?" என்று மட்டும் கேட்டான் கருப்பையா.

நான் வாக்குக் கொடுத்தபடி ஸ்டூடியோக்காரர் அந்த முகத்தைப் போட்டோ எடுத்தார்; பிரதி கருப்பையாவுக்குப் போனது. படமும் விற்றது, அன்றைக்கு எல்லாவற்றிலும் கூடிய விலைக்கு. சீமைக்குத் திரும்பவிருந்த ஒரு துரை அதை வாங்கிக் கப்பலில் கொண்டுபோய்விட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

லயத்தில் சவரிமுத்துவிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. செல்லம்மாவைத் தாளில் மறுபடி எழுதிக் கொடுக்கப் போனாராம். கருப்பையா தாளைப் பார்க்காமலே அடுப்பில் போட்டுவிட்டானாம். அடுத்த வருடம் சவரிமுத்து தாயையும் தங்கையையும் அழைத்துக்கொண்டு, தலைமன்னாரில் கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டார். கிளம்பும்போது எங்கள் பின்வாசலுக்கு வந்தார். "வர்றேங்கம்மா" என்றார். மன்னித்துக்கொள் என்று சொல்லாமலே அவரை அனுப்பிவைத்தேன். அவர் இப்போது இருக்கிறாரா, இல்லையா? தெரியாது.

அதன் பிறகு நான் தூரிகையைத் தொடவில்லை என்று சொன்னால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் தொட்டேன். மலைகள் வரைந்தேன். பாராட்டும் வாங்கினேன்.

சென்ற மாதம் பவளம் வீட்டுக்கு வந்தாள். இப்போது தோட்டத்துப் பள்ளியில் படிக்கிறாள். "அம்மாவுக்குப் படையல் போடுறோம், நீங்க கட்டாயம் வரணும்னு அப்பா சொன்னாரு" என்றாள். எப்படி மறுப்பது? போனேன்.

காம்பராவின் சுவரில் அந்தப் போட்டோ. என் பொம்மை! அதற்கு மாலை போட்டு, குங்குமம் வைத்து, முன்னால் இலை விரித்திருந்தார்கள். பவளம் கண்ணை மூடிக் கும்பிட்டாள். "எங்கம்மா எவ்வளவு அழகு, இல்லீங்களா?" என்று என்னைக் கேட்டாள். நான் தலையை ஆட்டினேன்.

அவள் தண்ணீர் எடுக்க வெளியே போனதும் கருப்பையா குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"மொதல்ல இத மாட்டவே மனசு வரலீங்க. புள்ளைக்குக் காட்ட வேற என்ன இருக்குன்னு மாட்டுனேன். இப்பக் கண்ண மூடுனா எனக்கும் இந்த மொகந்தாங்கம்மா வருது. அவ மொகம் வர மாட்டேங்குது. சிரிச்சா ஒரு பல்லு தூக்கலாத் தெரியும், அது நெனவிருக்கு. ஆனா எந்தப் பக்கம்னு... நெனச்சு நெனச்சுப் பாக்குறேன், புடிபட மாட்டேங்குது. படத்துல மொதல்ல எழுதியிருந்தப்ப நீங்க பாத்தீங்கல்ல? எந்தப் பக்கங்கம்மா?"

ஒரு முகத்தை அழிக்க வேண்டுமானால் அதை அங்குலம் அங்குலமாகப் பார்க்க வேண்டும். நான் பார்த்திருக்கிறேன். புருவத்தின் வளைவு, கன்னத்து மச்சம், எல்லாம் அப்படியே என் கண்ணுக்குள் இருக்கின்றன. சொன்னால், 'இத்தனை நுணுக்கமாக எப்படித் தெரியும்?' என்று கேட்பானே! அடுத்த கேள்வி எதுவாக இருக்கும்?

"எனக்கும் ஞாபகம் இல்லையே, கருப்பையா" என்றேன்.

"பரவாயில்லீங்கம்மா" என்று சொல்லி, எனக்கு முதல் இலை போட்டான். உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

இடது பக்கம். அந்தப் பல் இடது பக்கம்... உங்களிடம் சொல்ல முடிகிறது. அவனிடம் சொல்ல முடியவில்லை.