டீ முடிந்ததும் நின்றுபோகும் சிஸ்டம்

சிங்காநல்லூரில் நான் வேலை பார்த்த பம்ப் கம்பெனியில் கம்ப்யூட்டர் செக்‌ஷன் என்றால் நானும் என் உதவியாளனும்தான். ஒரு மூலை மேசையில் ஆரம்பித்து சர்வர், நெட்வொர்க் என்று எல்லாவற்றையும் நான்தான் அமைத்தேன். அவன் பிறகு வந்து சேர்ந்தவன். என்னை அக்கா என்பான், என் டிபன் பாக்ஸில் உரிமையோடு கை வைப்பான். நானும் அவனைக் கூடப் பிறந்தவனாகத்தான் நினைத்திருந்தேன்.

போன வருஷம் ஒரு தொல்லை ஆரம்பித்தது. காலை டீ முடிந்து எல்லோரும் இருக்கைக்குத் திரும்பியதும் சிஸ்டம் ஹேங் ஆகிவிடும். பில் போடுகிறவர்கள், ஸ்டோர்காரர், டிராயிங் போடுகிறவர், யார் திரையும் அசையாது. மவுஸ் மட்டும் சும்மா ஓடும். "ஏனுங்க மேடம், மறுபடியும் நின்னுபோச்சுங்க" என்று இன்டர்காம் அடித்துக்கொண்டே இருக்கும். லோடு ஏற்றிய லாரி பில்லுக்காகக் கேட்டில் காத்துக்கிடக்கும்.

முதலாளி கூப்பிட்டார். "வெளிக்கம்பெனி ஒண்ணு இதையெல்லாம் நாங்க பாத்துக்கறோம்னு கேக்கறாங்க அம்மணி. இந்த வாரத்துக்குள்ள சரியாகலைன்னா குடுத்துர்றதுதானுங்க" என்றார். அவர்கள் வந்தால் என் நாற்காலி இருக்காது. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

சோறு தண்ணி இல்லாமல் தேடினேன். பிராசஸர் வெட்டியாக உட்கார்ந்திருந்தது. மெமரியும் தாராளமாக இருந்தது. ஆனாலும் எந்த வேலையும் நகரவில்லை, நிறுத்தச் சொன்னாலும் நிற்கவில்லை. எல்லாம் டிஸ்க்குக்காகக் காத்திருந்தன. பெரிய குடும்பத்தில் ஒரே குளியலறை, ஒருத்தர் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு நூலாக ஒழுகும் குழாயில் வாளி நிரப்புகிறார், வெளியே நிற்பவர்கள் கதி என்ன? அதேதான். ஒழுகும் குழாய் எங்கள் அரதப்பழசான டிஸ்க். புதுசு கேட்டு நான் நச்சரித்தும் முதலாளி தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். தாழ் போட்டது யார் என்றுதான் தெரிய வேண்டியிருந்தது.

என் உதவியாளன் கூடவே இருந்தான். "வயரைப் பாத்தீங்களாக்கா, சுவிட்சைப் பாத்தீங்களாக்கா" என்று அக்கறையாகக் கேட்டான். அவன் கை காட்டியதையெல்லாம் கழற்றி மாட்டினேன், முட்டாள் மாதிரி.

வியாழக்கிழமை டீ மணி அடித்தும் நான் எழுந்து போகவில்லை. எந்த ஃபைலை யார் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். ஒரே ஒரு வேலைதான், கம்பெனியின் மொத்த டேட்டாவையும் ஒவ்வொரு ஃபைலாகப் பூட்டி, நகலெடுத்து வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. எல்லோரும் கேண்டீனில் இருக்கும்போதே முடிந்துவிடும் என்று போட்ட கணக்கு. பழைய டிஸ்க் அந்த வேகத்துக்கு எங்கே போகும்? ஜனங்கள் திரும்பி வந்தபோதும் பூட்டு திறக்கவில்லை. வேலை அவனுடைய லாகினிலிருந்து ஓடியது.

நேராக முதலாளி அறைக்குப் போனேன். "நம்ம டேட்டா வெளிய போகுதுங்க. அனுப்பறது நம்ம தம்பிதானுங்க" என்றேன்.

அவர் அதிரவில்லை. பேனாவை மூடி வைத்தார். "நாந்தானுங்க அம்மணி அனுப்பச் சொன்னேன். அந்த வெளிக்கம்பெனிக்கே குடுக்கறதுன்னு எப்பவோ முடிவாயிருச்சுங்க. உங்க மொகத்தப் பாத்துச் சொல்ல மனசு வரலீங்க" என்றார்.

ஒரு வாரக் கெடு என்பதே நாடகம். நானே தோற்றுப்போய்க் கிளம்பிவிட்டால் அவருக்குச் சங்கடம் இல்லை. எங்கள் ஊர் மரியாதை அப்படி, கழுத்தை அறுத்தாலும் 'ங்க' போட்டுத்தான் அறுப்பார்கள். அதோடு விடவில்லை. "அந்த டேட்டா போற வேலை சீக்கிரம் முடிய ஒரு வழி பண்ணிக் குடுத்துட்டுப் போங்களேன்" என்றார்.

பண்ணிக் கொடுத்தேன். உனக்கென்ன பைத்தியமா என்று வீட்டில் கேட்டார்கள். நான் அமைத்த சிஸ்டம் என் கண்ணெதிரே மூச்சு முட்டி நிற்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை, வேறு காரணம் இல்லை. ஆபீஸ் பூட்டிக்கிடக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு அந்த வேலையை மாற்றி வைத்துவிட்டு, சனிக்கிழமை சாவியைக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் அவன் போன் செய்தான். இன்றைக்கு ஒரு தடவைகூட ஹேங் ஆகவில்லையாம். புதுக் கம்பெனிக்காரர்கள் வந்த முதல் நாளே சரி பண்ணிவிட்டார்கள் என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சாம். முதலாளி அவர்களுக்கு எல்லோர் முன்னாலும் நன்றி சொன்னாராம்.

"நீ எதுவும் சொல்லலையா?" என்று கேட்டேன்.

"அவங்கள வெச்சுக்கிட்டு எப்படிங்க்கா சொல்றது? சங்கடப்படுவாங்கல்ல" என்றான்.