எழிலரசி கூட்டிச் சொன்ன வயது

பக்கத்து வீட்டு எழிலரசிக்குத் தன் ஓரகத்தி வள்ளியைக் கண்டாலே வயிறு எரியும். வள்ளிக்கு அருள்ராஜ் பிறந்து ஏழு மாதம் கழித்துத்தான் இவளுக்குப் பாலாஜி பிறந்தான். பிரசவத்தோடு மஞ்சள் காமாலை வந்து இவள் படுத்துவிட, பாலாஜிக்கும் வள்ளியே பால் கொடுத்தாள். நன்றி வரவேண்டிய இடத்தில் எழிலுக்குப் பொறாமை வந்தது.

அருள்ராஜைக் கீழ்பென்னாத்தூர்ப் பள்ளியில் சேர்த்த அன்றே இவளும் பாலாஜியை இழுத்துக்கொண்டு போனாள். தலைக்கு மேலாகக் கையைச் சுற்றி மறுபக்கக் காதைத் தொட்டால்தான் ஒன்றாம் வகுப்பு. பாலாஜிக்கு எட்டவில்லை. தலையைச் சாய்த்துப் பிடித்து விரலைக் காதில் படவைத்தாள். வீட்டில் பிறந்த பிள்ளை, பிறப்பைப் பதிந்திருக்கவில்லை. வாய்க்கு வந்த தேதியைச் சொன்னாள். பாலாஜி அருள்ராஜைவிட மூத்தவனாகிவிட்டான். அன்று அவளுக்கு என்ன சந்தோஷம்!

வளர்ந்ததும் இருவரும் திருவண்ணாமலையில் ரமணாசிரமம் பக்கம் ஒரு விடுதியில் வேலைக்குப் போனார்கள். அங்கே தங்கியிருந்த ஒருவர் கொலையானார். "நாங்க செய்யலை" என்று இருவரும் அழுதார்கள். ஒற்றைச் சாட்சியின் பேச்சுதான் எடுபட்டது. எனக்கு இன்றும் அதில் நம்பிக்கையில்லை. பதினெட்டு நிரம்பாத அருள்ராஜ் சிறுவர் இல்லத்துக்குப் போய், மூன்று வருஷத்தில் திரும்பி ஷேர் ஆட்டோ ஓட்டினான். பதினெட்டு தாண்டியதாகப் பள்ளிச் சான்றிதழ் சொன்ன பாலாஜிக்குத் தூக்கு.

அந்த ஆட்டோ தெருவில் வந்தாலே எழில் கதவைச் சாத்துவாள். "அவ புள்ள மட்டும் வந்துட்டான் பாத்தியா?" என்று என்னிடம் பொருமுவாள்.

மேல்முறையீட்டில் பாலாஜியின் வயதை விசாரிக்க உத்தரவானது. "பால் குடுத்தவங்க சாட்சி சொல்லணும்மா, போய்க் கேளுங்க" என்றார் வக்கீல் ரியாசுதீன்.

"அவ கால்ல போய் விழணுமா?" என்று எழில் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிள்ளை கழுத்துக்குக் கயிறு, இவளுக்கு வீம்பு! எனக்கு வந்த ஆத்திரத்தில் அறைந்திருப்பேன்.

விசாரணை அன்று வள்ளி கூப்பிடாமலே வந்து கூண்டில் ஏறினாள். "என் புள்ளைக்குப் பல்லு மொளைச்சப்புறந்தாங்க பாலாஜி பொறந்தான். ரெண்டு பேருக்கும் நான்தான் பால் குடுத்தேன்."

பெற்றவள் என்று கோர்ட்டே வரவழைத்திருந்த எழிலிடம் நீதிபதி கேட்டார்: "அப்ப ஏம்மா வயசைக் கூட்டிச் சொன்னீங்க?"

எழில் வள்ளியைப் பார்த்தாள். "இவங்க புள்ள முன்னாடி போறானேனு பொறாமைங்க. வேற ஒண்ணும் இல்லீங்க."

தூக்கு ரத்தானது. சிறுவனுக்குரிய தண்டனையைவிட ஜாஸ்தியே ஜெயிலில் இருந்துவிட்டான் என்று விடுதலையும் செய்தார்கள். அருள்ராஜின் ஆட்டோவில் வந்து இறங்கிய பாலாஜி, "பெரிம்மா" என்று வள்ளியைக் கட்டிக்கொண்டு அழுதான்.

ஆரத்தித் தட்டோடு நின்ற எழிலின் முகம் சுண்டிப்போயிற்று. "மொதல்ல அவகிட்டதான் போறான் பாரு" என்று என் காதில் முணுமுணுத்தாள். பிறகு தட்டை வள்ளியிடம் நீட்டினாள்.

"நீயே சுத்துக்கா."