கத்தி வீரமுத்துவுக்கு ஓர் இலை

ஜாசின் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் கமலவேணி அக்காவுக்கு எழுபத்து மூன்று வயது. தட்டில் சோற்றை மிச்சம் வைத்தால் போலீஸ்காரராக இருந்தாலும் திட்டுதான். அந்தத் திட்டுக்காகவே சாப்பிட வருகிறவர்களும் உண்டு. நான் அவர்களில் ஒருவன்.

அவருடைய அப்பாதான் கத்தி வீரமுத்து. எங்கள் பழைய ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் போதும், சண்டையில் கோப்பி ஆறிவிடும். வேலைநிறுத்தத்தின்போது அரிசி லாரியை மடக்கி லயத்து வீடுகளுக்கெல்லாம் பங்கு வைத்த வீரன் என்பார் கோயில் தலைவர் பரமேஸ்வரன். உடனே சாமிநாதன் அண்ணன் எழுந்து நிற்பார். அவருடைய அப்பா தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்தவர். கடையைத் திறந்துவிட மறுத்து, வீரமுத்துவின் கத்திக்கு இரண்டு விரலைப் பறிகொடுத்தவர். "வீரனா? வழிப்பறிக்காரன் லா!" என்பார் அண்ணன். தோட்டத் துரையின் சதியில் மாட்டிக்கொண்ட அப்பாவி என்று மூன்றாவது கட்சியும் உண்டு. நான் கோயில் செயலாளர். யார் கோப்பி வாங்கித் தருகிறாரோ அவர் கட்சி.

ஐம்பத்தெட்டாம் வருஷம், தலைமறைவாகத் திரிந்த வீரமுத்து போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார். உடல் வீட்டுக்கு வரவில்லை. விழுந்த இடத்தில் யாரோ ஒரு கல்லை நட்டார்கள். கல்லுக்குச் சுருட்டு வந்தது, சாராயம் வந்தது, பிறகு கொட்டகையும் கம்பிக்கதவும் பூட்டும் வந்தன. வீரமுத்து சாமியாகிவிட்டார். அவருடைய ஏழு வயது மகள் அம்மாவுக்குத் துணையாகப் பால்மரம் சீவப் போனாள். கோயில் பக்கம் அக்கா ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

போன ஆடி அமாவாசைக்கு ஒரு வாரம் முன்னால் கமிட்டிக் கூட்டத்தில் வந்து நின்றார்.

"தம்பி, அந்தக் கல்லு முன்னால எங்கப்பாவுக்கு ஒரு இலை போடணும். செத்தவங்களுக்குப் போடுவோமே, அந்த மாதிரி. இத்தன வருஷமா அவருக்கு யாரும் திதி கொடுக்கல."

பரமேஸ்வரன் நெளிந்தார். "சாமிக்கு எப்படிக்கா திதி? தெய்வக்குத்தமாயிடும் லா. பூஜை வேணா ஸ்பெஷலா செஞ்சிடலாம்."

"சுருட்டுப் புகை பட்டாலே அவருக்கு இருமல் வரும். நீங்க கும்பிடற ஆளு யாருன்னே எனக்குத் தெரியல. எனக்கு எங்கப்பா வேணும்பா."

அக்காவின் குரல் உடைந்து அதுவரை நான் கேட்டதில்லை.

கை தூக்கச் சொன்னார் தலைவர். பாதிக்குப் பாதி ஆனது. சாமிநாதன் அண்ணன் மட்டும் பாக்கி. அவர் பதில் எல்லாருக்கும் தெரிந்ததுதான் என்று அக்கா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"இலை போடட்டும்," என்றார் அண்ணன். "சாமின்னு சொல்லிட்டீங்க, என்னால வாய்விட்டுத் திட்டக்கூட முடியல. மொதல்ல அந்தாள மனுஷனாக்குங்க. அன்னிக்கு நானும் வரேன். கேக்க வேண்டியது நெறைய இருக்கு."

அமாவாசையன்று காலையில் கதவைத் திறந்துவிட்டேன். சுருட்டையெல்லாம் ஒதுக்கிவிட்டு, அக்கா இலையில் சோறு, சாம்பார், வாழைக்காய் பொரியல், அப்பாவுக்குப் பிடித்த உளுந்து வடை என்று பரிமாறினார். சாமிநாதன் அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டு ஆரம்பித்தார். விரல் போனது, கடை போனது, தன் அப்பா சட்டைப் பொத்தான் போடத் திணறியது என்று இருபது நிமிஷம் திட்டித் தீர்த்தார். பரமேஸ்வரன் கன்னத்தில் போட்டுக்கொண்டே இருந்தார்.

"முடிஞ்சுதாண்ணே?" என்றார் அக்கா.

"இரும்மா, மூச்சு வாங்குது."

"அப்ப நான் கேக்கறேன்." கல்லின் பக்கம் திரும்பினார். "ஊருக்கெல்லாம் அரிசி கொடுத்தியாமே. நம்ம வீட்டுக்கு ஒரு படி கொண்டாந்தியாப்பா? அம்மா காட்டுல கிழங்கு தோண்டிச்சே, பார்த்தியா? நான் வாசல்லயே உக்காந்திருந்தேனே, ஒரு தடவ வந்து தூக்குனியா?"

மேலே பேச முடியாமல் விம்மினார். எழுபத்து மூன்று வயதுப் பெண் ஏழு வயதுப் பிள்ளையாக அழுதார். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். சாமிநாதன் அண்ணன்தான் பதறிப்போய்ப் பக்கத்தில் வந்தார்.

"விடு தாயி, விடு. ஊரு பூரா போலீசு தேடுறப்ப அவரு எப்படி வீட்டுக்கு வருவாரு? பிள்ளைய நெனச்சு அவருந்தான் அழுதிருப்பாரு. பாவம் லா அந்த மனுஷன்!"

சொன்ன பிறகுதான் தான் யாருக்காகப் பரிந்து பேசினோம் என்பது அவருக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார். அக்கா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, கண்ணீரோடு சத்தமாகச் சிரித்தார்.

"உக்காருங்கண்ணே," என்று சொல்லி, முதல் பந்தியில் முதல் இலையை அவருக்குப் போட்டார்.