பாய்க்காரியின் கண்

கல்முனை பஸ் நிலையத்துக்கு எதிரே, புடைவைக்கடை ஒன்றின் புதுப் பெயர்ப்பலகைக்கு ஓவியர் ஒருவர் வண்ணம் தீட்டுகிறார். பலகையில் இரண்டு பெண்கள். பட்டுச்சேலைக்காரி நம்மை நேராகப் பார்க்கிறாள். மலிவான சீத்தைச்சேலை உடுத்து, பாய்க்கட்டுச் சுமப்பவளோ நிலத்தைப் பார்க்கிறாள். ஏழை என்றால் கண்ணையுமா இறக்க வேண்டும்? எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் வாய் திறப்பதற்குள், பாய் விற்க வந்த ஒரு பெண் முக்காட்டை இழுத்துவிட்டு ஓவியரிடம் போய், அண்ணனிடம்போல் பேசுகிறாள்.

“காக்கா, நிலத்தப் பாத்துக் கதைச்சா என்ட பாய ஆரு வாங்குவாங்க? பட்டு உடுக்கிறவங்கதான் நிலத்தப் பாத்துப் போறாங்க.”

“ஓம் ராத்தா, அதுவும் சரிதான்.”

சிரித்தபடி ஓவியர் அந்தக் கண்களை நிமிர்த்துகிறார். பலகையிலுள்ள பாய்க்காரி இப்போது விலை சொல்லத் தயாராக நிற்கிறாள்.

கடை முதலாளி வெளியே வருகிறார். பட்டுக்காரியைக் காட்டி, “நல்ல களை” என்கிறார். அடுத்தவளைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்குகிறது.

“இவளுக்கென்ன இவ்வளவு திமிர்? கண்ணக் கீழ போடு.”

ஒரே தூரிகை, ஒரே கறுப்பு மை, ஒரே பார்வை. அங்கே அது களை, இங்கே திமிராம். நான் முதலாளியிடம் அதையே கேட்கிறேன். அவர் ஓவியரிடம் தூரிகையைச் சுட்டிக்காட்டிவிட்டு உள்ளே போகிறார்.

பாய் விற்கும் பெண் ஓவியரை நேராகப் பார்த்தபடி நிற்கிறாள். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டே தூரிகையை மையில் தோய்க்கிறார்.