கோட்டைவாசல் சைத்தூன் பீவி

கட்டியவன் ஒருவன், பிடித்தவன் ஒருவன், ஏலத்தில் எடுத்தவன் ஒருவன், உள்ளே அடுப்பு மூட்டிச் சோறு பொங்கியவள் ஒருத்தி. இவர்களில் கோட்டை யாருக்குச் சொந்தம்? தத்துவம் படித்தவர்கள் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு மழைக்காலத்தையே ஓட்டிவிடுவார்கள். பரங்கித்துறை சைத்தூன் பீவிக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. விடிவதற்குள் இடியாப்பம் பிழிந்தாக வேண்டும்.

பரங்கித்துறை பூம்புகாருக்குத் தெற்கே, காவிரியின் கடைசிக் கிளை ஒன்று கடலைக் கண்டதும் தயங்கி நிற்கிற இடம். நெல்லும் துணியும் வாங்க வந்த உலாந்தாக்காரர்கள், அதாவது டச்சுக்காரர்கள், அங்கே ஒரு கோட்டை கட்டினார்கள். இங்கிலீஷ்காரர்கள் ஒரு மத்தியானத்தில் அதைப் பிடித்தார்கள். சண்டை எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை. தளபதி சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்பினால் கோபித்துக்கொள்வார் என்று யாரும் எழுப்பவில்லை என்பது ஊர்ப்பேச்சு. பிறகு கப்பல்களெல்லாம் நாகப்பட்டினத்துக்குப் போய்விடவே, இரண்டாவது தடவையாகக் கோட்டையை ஊர்க்காரர்கள் பிடித்தார்கள். அவர்கள் ஆயுதம் கடப்பாரை. பள்ளிவாசலில் கைகால் கழுவுகிற ஹவுதுத் தொட்டியிலும் மாதா கோயில் படியிலும் மாரியம்மன் கோயில் மதிலிலும் ஒரே உலாந்தாச் செங்கல்தான். மதங்கள் பல, அடிப்படை ஒன்று என்று சொல்கிறவர்கள் வேறு சான்று தேட வேண்டாம்.

கடைசியில் மிஞ்சியது வாசல் மட்டும். ஒரு பெரிய வளைவு, அதை ஒட்டி இரண்டு அறை, எதிரே ஒரு பீரங்கி. அந்த அறைகளில்தான் சைத்தூன் பீவி குடியிருந்தார். மாமனார் காலத்துக் குடியிருப்பு அது. கணவர் மூஸா பினாங்குக்குக் கடை வேலைக்குப் போய், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு, அங்கேயே மௌத்தாகிவிட்டார். பீவி வளைவின் கீழே அடுப்பைப் போட்டு இடியாப்பம் விற்றார். பீரங்கியில் ஆட்டைக் கட்டினார். பெரிய மனசுக்காரர் என்று அவரைச் சொல்ல முடியாது. தேங்காய்ப்பாலைக் கண் சொட்டு மருந்து மாதிரி ஊற்றுவார். இடியாப்பம் நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

பூம்புகாரில் புதிதாகக் கலைக்கூடம் எழுந்ததும், பரங்கித்துறைக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று ஒரு மந்திரி மேடையில் பேசினார். செய்வதற்கு அங்கே கோட்டையைத் தவிர ஒன்றும் இல்லை. இடிந்ததைத் திரும்பக் கட்டுவதென்று முடிவாயிற்று. காண்ட்ராக்ட் எடுத்த ஜெக்கரியா நீடாமங்கலம் பக்கம் ரைஸ்மில் கட்டிப் பேர் வாங்கியவர். பழைய கோட்டை எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாததால் அவரைத் தப்புச் சொல்ல ஆளில்லை. அளவெடுக்க வந்த அன்றே பீவியிடம் சொன்னார்.

"இந்த ரெண்டு ரூமும் டிக்கெட் கொடுக்கற எடம்மா. சர்க்கார் புறம்போக்கு. காலி பண்ணிடுங்க."

"காலி பண்ணி எங்க போறது?"

"அது என் பிளான்ல இல்லைம்மா."

பீவி அன்றைக்குப் பிழிந்த இடியாப்பத்தில் உப்பு இல்லை. ஊர் அதைக் கவனித்தது.

கவனித்தவர்களில் ஒருவர் மிக்கேல்ராஜ். தையல்காரர், செங்கொடிச் சங்கத்தின் கிளைச் செயலாளர். அவருக்கு ஒரு யோசனை வந்தது. அது எந்தக் கட்சியின் கொள்கைக்கும் ஒத்துவராத யோசனை. அடுத்தவர் மனையில் குடியிருக்கிற பண்ணையாளுக்கும் கைத்தொழிலாளிக்கும் அந்த மனை சொந்தம் என்று அப்போது சட்டம் வந்திருந்தது. ஆனால் மனை தனியாருடையதாக இருக்க வேண்டும், சர்க்காருடையது என்றால் செல்லாது. மிராசுதார் சோமாஸ்கந்தமோ, கோட்டை தன் குடும்பச் சொத்து, நஷ்டஈடு வேண்டும் என்று ஏற்கெனவே மனுப் போட்டிருந்தார். அவருடைய தாத்தா அதை இங்கிலீஷ்காரனிடம் ஏலத்தில் எடுத்தது உண்மைதான். எடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே விட்டுவிட்டார்.

"அக்கா, கோட்டை மிராசுதாருக்குன்னு ஆயிட்டா வாசல் உங்களுக்கு" என்றார் மிக்கேல்ராஜ்.

"அதெப்படி தம்பி? அவருக்குன்னா அவருக்குத்தானே?"

"சட்டம்க்கா. நேரா யோசிச்சா புரியாது."

மறுநாள் சங்கத்தார் ஊர்வலம் போனார்கள். உச்சவரம்புக்கு மேல் வைத்திருக்கிற நிலத்தைப் பிடுங்கு என்று அதே தெருவில் அதே ஆட்கள் வருஷக்கணக்காகக் கத்தியிருக்கிறார்கள். இப்போது அதே தொண்டையில், "கொடு கொடு! கோட்டையைச் சோமாஸ்கந்தத்துக்கே கொடு!" என்றார்கள். பழக்கதோஷத்தில் ஒருவர் நடுவில் "ஒழிக!" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சோமாஸ்கந்தம் மாடியிலிருந்து பார்த்தார். இவர்கள் கொடு என்கிறார்கள் என்றால் அதை வாங்கக் கூடாது என்பது அவர் அனுபவம். விஷயம் விளங்கியதும் வில்வண்டியைப் பூட்டித் தாசில்தாரிடம் ஓடினார்.

"கோட்டை எங்களதில்லைங்க. ஏதோ மறதியில எழுதிட்டேன்."

மனை விவகாரங்களை விசாரிக்க வந்திருந்த அந்தத் தாசில்தார் சிரிக்காத மனிதர். "ஏலம் எடுத்தது உங்க தாத்தா. அவர் நேர்ல வந்து இல்லைன்னு சொன்னா விசாரிக்கலாம்" என்றார்.

தாத்தா வரமாட்டார் என்று தெரிந்ததால் மிராசுதார் அடுத்த பிடியைப் பிடித்தார். "சரி, எங்களதுதான். ஆனா அந்தப் பீவி பண்ணையாளே இல்லைங்களே! இடியாப்பம் விக்கிறவங்க."

அவர் வாழ்க்கையில் சொன்ன சில உண்மைகளில் இது ஒன்று. விசாரணை அன்று மிக்கேல்ராஜ் முதலில், இடியாப்பம் பிழிவது கைத்தொழில்தான் என்று வாதாடிப் பார்த்தார். "அச்சு இருக்கு, உழைப்பு இருக்கு, கைதான் சார் பிழியுது." தாசில்தார் யோசித்தார். சாப்பிட்டதும் மறைந்துபோகிற பொருளைக் கைத்தொழிலாகக் கொள்ள முடியாது என்றார். அப்போதுதான் மிக்கேல்ராஜ் வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"நடவுக்கும் போவாங்க சார்."

பீவி திரும்பி அவரைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து அவர் வயலில் கால் வைத்ததில்லை. வரப்பில் நடந்தாலே வழுக்குகிற ஆள். மிராசுதாருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அப்படியா! இப்ப சம்பா நடவுதான் ஓடுது. என் வயல்லேயே நட்டுக் காட்டட்டுமே. ஐயா வந்து பாருங்க."

வாசலுக்கும் பீவிக்கும் நடுவில் இப்போது ஒரு வயல் கிடந்தது.

கடைமடையில் தண்ணீர் தாமதமாக வந்த வருஷம் அது. நடவுப் பெண்கள் வரிசையாகக் குனிந்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி அமிர்தம். வரப்பில் தாசில்தார், மிராசுதார், மிக்கேல்ராஜ், வேலை கெட்ட பாதி ஊர். பீவி சேலையைத் தூக்கிச் செருகி, பிஸ்மி சொல்லி இறங்கினார். கணுக்கால் போனதும் "யா அல்லா" என்றார். முழங்கால் போனதும் கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்படிப் புடிங்க. ரெண்டு வெரலால அழுத்துங்க" என்று அமிர்தம் குனிந்தபடியே முணுமுணுத்தாள். "சும்மா இடியாப்பத் தட்டுன்னு நெனச்சுக்குங்க."

அந்த உபதேசம்தான் கெடுத்தது. பீவி நாற்றை இடியாப்பத் தட்டில் வைக்கிற மாதிரி வட்டமாக வைத்தார். முதல் வட்டம் அழகாகக்கூட இருந்தது. அடுத்ததை வைக்க ஓர் அடி முன்னால் போனார். நடவில் எவரும் முன்னால் போவதில்லை. நட்டுவிட்டுப் பின்னால் நகர்வதுதான் முறை. இல்லாவிட்டால் நட்டதைத் தானே மிதிக்க வேண்டும். பீவி மிதித்தார். மிதித்தது தெரிந்து பதறித் திரும்பியதில் இன்னொன்றையும் மிதித்தார். பிறகு எந்தப் பக்கம் போனாலும் பயிர் என்ற நிலையில் கொக்கு மாதிரி ஒற்றைக்காலில் நின்றார்.

"ஏங்க, பாய்வூட்டம்மா நடறாங்களா, உழவு ஓட்டறாங்களா?" என்று வரப்பில் ஒரு குரல். வயல் முழுக்கச் சிரித்தது. அமிர்தம் நாற்று முடியால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். பீவிக்கே சிரிப்பு வந்து, சிரித்ததில் நிலை தவறிச் சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

"போதும்" என்றார் தாசில்தார். பேனாவைத் திறந்தார். மிக்கேல்ராஜ் வானத்தைப் பார்த்தார். பீவி எழுந்து, சேலை சொட்டச் சொட்டக் கரையேறி, யாரையும் பார்க்காமல் நடக்கத் தொடங்கினார். சிரிப்பு அடங்கியிருந்தது. வாசல் போய்விட்டது என்று எல்லாருக்கும் தெரிந்தது.

"நில்லு பீவி!"

கூப்பிட்டவர் சோமாஸ்கந்தம். முகத்தில் வெற்றி இல்லை, கிலி இருந்தது.

"கூலி வாங்காமப் போகாத."

நடவுக்குச் சேற்றில் இறங்கியவளை வெறுங்கையோடு அனுப்பினால் கதிர் பதராகும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. சோமாஸ்கந்தம் கடவுளைச் சந்தேகித்தாலும் சந்தேகிப்பார், பதரைச் சந்தேகிக்க மாட்டார். போன வருஷம் அவர் வயலில் பாதி பதர்.

"நான் எங்கங்க நட்டேன்? மிதிக்கத்தானே மிதிச்சேன். எனக்கு எதுக்குக் கூலி?" என்றார் பீவி.

"எறங்கினியா இல்லையா? எறங்கினா கூலிதான். டேய், மரக்காலைக் கொண்டாங்கடா!"

"வேணாங்க. செய்யாத வேலைக்கு நான் வாங்க மாட்டேன்."

தாசில்தாருக்குப் பின்னால் நின்ற மிக்கேல்ராஜ், வாங்குங்கள் என்று கண்ணாலும் புருவத்தாலும், கடைசியில் இரண்டு கையாலும் கெஞ்சினார். கொசு மொய்க்கிறதாக்கும் என்று பக்கத்திலிருந்தவர் துண்டால் விசிறிவிட்டார்.

"தாயே, வாங்கிக்க" என்றார் மிராசுதார். "நீ போயிட்டீன்னா நான் ராத்திரி தூங்க மாட்டேன். உன் காலைத் தொடணுமா சொல்லு."

பெரிய மனிதர் குனியப் பார்த்ததும் பீவி பயந்துபோய் முந்தானையை விரித்தார். ஒரு மரக்கால் நெல் விழுந்தது. மிராசுதார் நிம்மதியாக மூச்சுவிட்டார். தாசில்தார் எழுதி முடித்துப் பேனாவை மூடினார்.

"பண்ணைக்காரர் கூலி கொடுத்தார், பண்ணையாள் வாங்கினார். நானே பார்த்தேன். வாசல் அம்மாவுக்கு."

சோமாஸ்கந்தம் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த வருஷம் அவருக்குப் பதர் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

மற்ற இடத்துக்குச் சர்க்கார் அவருக்கு நஷ்டஈடு கொடுத்தது. ஜெக்கரியா ஒரு வருஷத்தில் கோட்டையைக் கட்டி முடித்தார். உயரமான ஓட்டுக் கூரை, காற்றுப் போக வரிசையாகச் சன்னல், முன்னால் வழவழவென்று ஒரு பெரிய சிமெண்டுக் களம். களம் எதற்கு என்று இன்ஜினியர் கேட்டார். "உலாந்தாக்காரன் நெல்லு வாங்கத்தானே சார் வந்தான்? எங்க காயவச்சிருப்பான்?" என்றார் ஜெக்கரியா. இன்ஜினியர் கையெழுத்துப் போட்டார். கோட்டை ஒரு நல்ல ரைஸ்மில் போல இருந்தது. சுற்றிலும் புது மதில். உள்ளே போக ஒரே வழி பழைய வாசல், அதாவது சைத்தூன் பீவியின் அடுப்படி. கதவும் அவருடையது, சாவியும் அவருடையது. வெள்ளைக்காரர்கள் வைத்திருந்த காலத்தில்கூட ஒரே ஆள் கையில் அவ்வளவு அதிகாரம் இருந்ததா என்பது சந்தேகம்.

திறப்பு விழாவுக்குச் சம்பா நடவு நாளில் தேதி குறித்தார்கள். பீவியிடம் முன்கூட்டியே சொன்னார்கள், அவரும் சரி என்றார். மந்திரி கார்களோடு வந்து இறங்கினார். நாயனம் நின்றது. வாசல் பூட்டியிருந்தது. பீரங்கியில் கட்டிய ஆடு மட்டும் நின்று மந்திரியின் மாலையைப் பார்த்தது.

மிக்கேல்ராஜ் தெருத்தெருவாக ஓடி, கடைசியில் சோமாஸ்கந்தத்தின் வயலுக்கு வந்து சேர்ந்தார். நடவு வரிசையில் அமிர்தத்துக்குப் பக்கத்தில், முழங்கால் சேற்றில், சைத்தூன் பீவி குனிந்திருந்தார். விடிந்ததிலிருந்து நடுகிறாராம். வரப்பில் மிராசுதார் குடையோடு நின்றார். இன்னொரு மரக்கால் வேண்டாம் என்று அவரிடம் முதலிலேயே சொல்லியாயிற்றாம்.

"அக்கா! மந்திரி வாசல்ல நிக்கிறாரு! சாவியாவது குடுங்க!"

"இடுப்புல இருக்கு தம்பி. கை சேறு."

"நான் எடுத்துக்கவா?"

"அடி விழும்."

"என்னக்கா இது, இன்னைக்குத்தானா? என்னத்துக்கு இது இப்ப?"

அமிர்தமும் நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கும் தெரிந்துகொள்ள ஆசைதான். மிராசுதார் குடையைச் சாய்த்துக் காது கொடுத்தார்.

பீவி அடுத்த நாற்றை எடுத்தார். பிறகு கேட்டவர்களிடமும் இடியாப்பம் எத்தனை வேண்டும் என்று மட்டும்தான் கேட்டார். கரைக்கு இன்னும் பாதி வயல் இருந்தது. தூரத்தில் கார் ஹாரன் கேட்டது. இரண்டு விரலால் நாற்றை அழுத்திவிட்டு, பீவி ஓர் அடி பின்னால் வைத்தார்.