வேன் நின்ற காரணம்

பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவளை எல்லோரும் வேன்காரம்மா என்றே கூப்பிடுவார்கள். கொஞ்ச நாளாக அந்த வேன் அடிக்கடி நடுரோட்டில் பொசுக்கென்று நின்றுபோனது. மெக்கானிக்கான அவள் அக்கா புருஷன் வந்து சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பிவிடும்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு. உனக்குத்தான் ஓட்டத் தெரியல" என்று அவர் கேலி செய்தார். அவளுக்குச் சுருக்கென்றது.

"அப்ப நீங்களே ஒரு நாள் ஓட்டுங்க மாமா. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

விடுமுறை நாளில், உச்சி வெயிலில், காலி வேனை அவர் ஊர் முழுக்க ஓட்டினார். சந்தை முனையில் இன்ஜின் அணைந்தது. சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றியது, ஆனால் பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக்கில் பொறியே இல்லை. பின்னால் ஹாரன்கள் காதைப் பிளந்தன. அவர் முகத்தில் அசடு வழிந்தது. சற்று யோசித்தவர், குனிந்து, இன்ஜின் ஓரத்தில் இருந்த சின்ன சென்சார்மேல் குடிதண்ணீரை ஊற்றினார். வண்டி உடனே கிளம்பியது.

"பிஸ்டன் எங்க இருக்குன்னு இதுதான் வண்டியோட கம்ப்யூட்டருக்குச் சொல்லணும். அதைக் கேட்டுத்தான் அது பொறி விடும். சூடேறினா இது வாயை மூடிக்குது. நான் வந்து சேர்றதுக்குள்ள ஆறிடுது, அதான் புடிபடல" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "உங்க அக்காகிட்ட சொல்லிடாத."

அன்று மாலையே புது சென்சார் மாட்டினார். அதற்குள் அக்காவுக்கு விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது.