பாஸ்வேர்டு மாறியும் சாகாத டோக்கன்

உள்ளே விட்டால் யாரும் நன்றி சொல்வதில்லை, வெளியே நிறுத்தினால் மட்டும் போன் போட்டுத் திட்டுவார்கள். செயலிக்கு லாகின் எழுதும் தொழில் அப்படி. இதில் மாட்டிக்கொண்டவர்களே, நீங்களும் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

கால் மணி நேரம்

கல்லூரிக் கடைசி வருஷம். மாலையில் மேற்குத் தாம்பரத்தில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் எனக்குப் பகுதிநேர வேலை. பம்மலில் கேன் தண்ணீர் சப்ளை செய்பவருக்கு ஆர்டர் செயலி எழுதினோம். பாஸ்வேர்டு சரியாக இருந்தால் சர்வர் ஒரு டோக்கன் கொடுக்கும். அப்புறம் அந்த டோக்கனைக் காட்டினாலே போதும், பாஸ்வேர்டு கேட்காது. டோக்கனின் ஆயுளைக் கால் மணி நேரமாக வைத்தேன்; அது முடிந்தால் மறுபடி பாஸ்வேர்டு கேட்கும். பாதுகாப்பு என்றால் அப்படித்தானே?

முதல் நாளே செம்பாக்கத்திலிருந்து ஒரு பெரியவர் கூப்பிட்டார். "ஏம்மா, ஒரு கேன் தண்ணிக்கு நான் யாருன்னு எத்தனை தடவைதான் சொல்றது?"

ஒரு வருஷம்

சப்ளைக்காரர் கத்தவும், ஆயுளை ஒரு வருஷமாக்கச் சொன்னார் எங்கள் கம்பெனி சார். நான் விடுவேனா?

"சரி சார், ஆனா நடுவுல ரத்து பண்ண ஒரு வழி வேணும். பாஸ்வேர்டு மாத்தினா பழைய டோக்கன் எல்லாம் செத்துடணும். ரெண்டு நாள் குடுங்க, எழுதிடறேன்."

போன் தொலைந்தால்? விற்றுவிட்டால்? வீட்டில் நாலு பேர் ஒரே கணக்கில் இருந்தால்? அடுக்கிக்கொண்டே போனேன். பக்கத்து சீட் கார்த்திக் அண்ணா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். அதற்கும் நான் அடங்கவில்லை. சார் சிரித்துவிட்டார்.

"இது தண்ணி கேன்மா, பேங்க் லாக்கர் இல்ல. எவன் வந்து திருடப் போறான்?"

ரத்து செய்ய வழி இல்லாமலே ஒரு வருஷ டோக்கன் அமலுக்கு வந்தது.

பீர்க்கன்கரணை போன்

சில வாரம் கழித்து அந்த போன் வந்த அன்றைக்கு எனக்குப் பரீட்சை; எடுத்தது கார்த்திக் அண்ணா. பீர்க்கன்கரணையிலிருந்து ஒரு அக்கா. அடிக்கிற கணவரை விட்டு மகளோடு புது வீட்டுக்கு வந்துவிட்டார். பழைய போன் கணவரிடம். பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன், இனி புது முகவரி போடலாமா என்று கேட்டிருக்கிறார்.

அண்ணாவை என்னவென்று சொல்வது? பாஸ்வேர்டை மாற்றினால் கதவு மூடிவிடும் என்றுதானே ஊரே நம்புகிறது! அன்று நான் அடுக்கியதை மறந்து, அவரும் நல்ல மனசோடுதான் சொல்லியிருக்கிறார்: "மாத்திட்டீங்கல்ல? அவ்ளோதான்க்கா, பயப்படாம போடுங்க."

வாசலில்

மறுவாரம் அந்த அக்கா மறுபடி கூப்பிட்டபோது நான் எடுத்தேன். கணவர் வாசலில் வந்து நின்றிருக்கிறார். பழைய போனில் செயலி திறந்தே இருந்திருக்கிறது. அந்த டோக்கனுக்கு இன்னும் பல மாத ஆயுள். புது முகவரி, கேன் வரும் நேரம் எல்லாமே அதில் தெரிந்திருக்கிறது. மாடி வீட்டுக்காரர்கள் திரண்டு வந்து அவரை விரட்டியிருக்கிறார்கள். ஆனாலும் இனி அந்த வீட்டில் எப்படி இருப்பது?

டோக்கன் என்றால் என்ன என்று விளக்க ஆரம்பித்தேன். பாதியில் எனக்கே அசிங்கமாக இருந்தது. அக்கா என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

"வேற ஏரியாவுல வீடு பாத்துட்டோம்மா. தண்ணிய நானே கடையிலேர்ந்து தூக்கிக்கிறேன், என் பேரை மட்டும் அதுலேர்ந்து எடுத்துடு."

டோக்கனை ரத்து செய்யும் வழியை இப்போது எழுதிவிட்டேன், சாரும் அன்று கேட்ட ரெண்டு நாளைக் கொடுத்தார். ஆக, விவாதத்தில் நான் ஜெயிப்பதற்கு ஒரு தாயும் மகளும் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்திருக்கிறது, அவ்வளவுதான்.